செவலைக்குப் பார்த்த பேறுகாலம்

செருப்ப வாசல்லயே கழட்டிருங்க தம்பி. அங்கிட்டு இல்ல, இங்கிட்டு. ஆங். இதுதான் மாடி. முன்னாடி ஒரு ரூம்பு, பின்னாடி சமையக்கட்டு, அதுக்கங்கிட்டு பாத்ரூம்பு. நல்லாப் பாத்துக்கங்க. பாத்துட்டுப் போயி, சின்னதா இருக்கு, காத்து வரலைன்னு ஊரு பூராம் பேசக்கூடாது. இருக்கிறது இம்புட்டுத்தான்.

ரெண்டு மாசமா ஏன் பூட்டிக் கெடக்குன்னு கேக்குறீங்க. கேக்கச் சொல்லி அனுப்பிச்சது அந்த டீக்கடைக்காரந்தான? "ஒரு பூனைக்காக அந்தப் பொண்ண வெரட்டி விட்டுருச்சு அந்தம்மா"ன்னு சொல்லிருப்பான். சொன்னானா இல்லையா? ம். மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. உக்காருங்க, அந்தச் செவத்துல சாயாதீங்க, சட்டையில சுண்ணாம்பு ஒட்டும். முழுசாக் கேட்டுட்டு அப்புறம் வீடு வேணுமா வேணாமான்னு சொல்லுங்க.

ஒரு பூனைக்குட்டி செத்துப்போச்சு. என் பூனையோட குட்டி. கொன்னது யாரு? இந்த வீட்டுல குடியிருந்தாளே எப்சிபா, அவதான். நான் சொல்லல தம்பி. அவளே மாட்டாஸ்பத்திரியில டாக்டர் முன்னாடி ஒத்துக்கிட்டா. கோழியத் தூக்கிட்டு வந்தவன், ஆட்டப் பிடிச்சுட்டு வந்தவன், அம்புட்டுப் பேரும் காதால கேட்டாய்ங்க. செஞ்சது நான்தான் டாக்டர்னா. அப்புறம் என்னத்துக்கு என்னைய வந்து கேக்குறாய்ங்க?

என் பேரு முத்துராக்கு. பெரியாஸ்பத்திரியில பிரசவ வார்டுல முப்பத்தோரு வருசம் ஆயாவா இருந்தேன். டாக்டரம்மா பிள்ளைய வெளிய எடுத்தா யாரு கையில குடுப்பாங்க? இந்தக் கையிலதான். தொடைச்சு, குளிப்பாட்டி, துணியில சுத்தித் தாய்க்காரிகிட்டக் குடுக்குறது நான். இந்த ஊருல மீசை வச்சுக்கிட்டுத் திரியிறவன்ல பாதிப்பேரு இந்தக் கையில வந்து விழுந்தவந்தான். டீக்கடைக்காரனும்தான். வரும்போதே அலறிக்கிட்டுத்தான் வந்தான், இன்னும் நிறுத்தல. நீங்க வெளியூரா? அப்பச் சரி. ஒரு பிள்ளை, ஒத்தப் பிள்ளை, என் கை நழுவிப் போனதில்ல. அதை எவன் வேணாலும் விசாரிச்சுக்கட்டும். கல்யாணமா? நீங்க அதைக் கேக்கலைல்ல? அப்ப விடுங்க.

எப்சிபா நாகர்கோயில் பக்கத்துப் பொண்ணு. இங்க கூரியர் ஆபீஸ்ல வேலை. ஒன்றரை வருசம் இருந்தா. வாயில வெரல வச்சாக் கடிக்கத் தெரியாத மாதிரி இருப்பா. ஆன்ட்டி, ஆன்ட்டின்னு. ஆன்ட்டியாம் ஆன்ட்டி. ஞாயித்துக்கெழமை தேங்கா அரைச்சு மீன் கொழம்பு வைப்பா, வச்ச உடனே ஒரு கிண்ணத்துல ஊத்திக்கிட்டு கீழ வந்துருவா. நான் கேட்டேனா? சாப்பிடாமக் கொட்டவா முடியும்? சாப்பிட்டுக் கிண்ணத்தக் கழுவி வைக்கிற வேலை எனக்கு. ஒருநா எனக்குக் காய்ச்சல்னு லீவு போட்டுட்டு உக்காந்துட்டா. நான் வார்டுல கெடந்து எத்தனை பேருக்குச் செஞ்சவ, எனக்கு வந்து கஞ்சி ஊட்டுறா. அந்தக் கூத்தையெல்லாம் நான் பொறுத்துக்கிட்டேன்.

இப்பப் பூனைக்கு வாரேன். செவலை என் பூனை. அதைக் காதுல நல்லா வாங்கிக்கங்க. நாலு வருசம் என் கட்டில்லதான் படுக்கும். பங்குனியில நாலு குட்டி போட்டுச்சு, என் கட்டிலுக்கு அடியில, என் பழைய வார்டுச் சீலையில. ரெண்டு செவலை, ஒரு கறுப்பு, ஒரு வெள்ளை. வெள்ளைதான் நோஞ்சான். மத்தது முட்டித் தள்ளிட்டுப் பால் குடிச்சிரும், இது பின்னாடி நின்னு கத்தும். நான்தான் எடுத்து வாயில காம்பப் பிடிச்சு வச்சுவிடுவேன். வார்டுல இப்படி எத்தனைக்கு வச்சுவிட்டிருக்கேன்.

மூணு வாரம் ஆச்சு. ஒருநா காலையில கூட்டும்போது காலு பூராம் சுரீர் சுரீர்ங்குது. குனிஞ்சு பாத்தா தெள்ளுப்பூச்சி. தரையில இருந்து தவ்வி ஏறுது. குட்டியத் தூக்கி வயித்துப் பக்கம் மயிர வெலக்கிப் பாத்தேன், மொளகுத்தூளத் தூவி விட்ட மாதிரி கறுப்பாக் கெடக்கு. ஈர வெரல வச்சுத் தேச்சா செவப்பா வருது. அம்புட்டும் ரத்தம் தம்பி. குட்டி உடம்புல இருந்து குடிச்ச ரத்தம். எனக்குக் கண்ணு கலங்கிருச்சு.

அந்த நேரம் பாத்து மேலருந்து எறங்கி வாறா மகராசி. மூக்குல வேர்த்துரும்ல. வெள்ளைக்குட்டியத் தூக்கி வாயப் பிரிச்சுப் பாக்குறா.

"ஆன்ட்டி, ஈறு வெளுத்துப் போயிருக்கு. ரத்தமே இல்ல. மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டு போவோம்."

"எல்லாம் எனக்குத் தெரியும். நீ வேலைக்குப் போ."

"ஒண்ணும் போடாதீங்க ஆன்ட்டி. இம்புட்டுச் சின்னக் குட்டிக்கு மருந்து ஒத்துக்கிடாது. தாய்க்குப் போட்டாலும் நக்கி வயித்துக்குள்ள போயிரும். நான் மத்தியானம் பர்மிசன் கேட்டுட்டு வாறேன்."

எனக்குச் சொல்றா. முளைச்சு மூணு இலை விடல, எனக்குச் சொல்றா. பிள்ளை பெத்தவளுக்கு என்ன செய்யணும், கைப்பிள்ளைக்கு என்ன செய்யணும்னு எனக்குச் சொல்றா. நீங்களே சொல்லுங்க, உங்க ஆபீஸ்ல நேத்து வந்தவன் வந்து உங்களுக்கு வேலை சொல்லிக் குடுத்தா சும்மா இருப்பீங்களா? மத்தியானம் வரைக்கும் காத்திருக்கணுமாம். அதுவரைக்கும் பூச்சி சும்மா இருக்குமா?

நான் மருந்து எதையும் வாங்கிப் போடல. கடையில நாய்க்குப் போடுற பவுடர் இருக்கு, தொட்டேனா? அதெல்லாம் விசம். நான் செஞ்சது பேறுகாலம். எந்தத் தாய்க்கும் செய்யிறது. வெதுவெதுன்னு வெந்நி போட்டு, மஞ்சளக் கரைச்சு, செவலைக்கு ஊத்துனேன். என் கையப் பிராண்டி எடுத்துருச்சு, இந்தா பாருங்க தழும்பு. குட்டிகளையும் ஒவ்வொண்ணா முக்கி எடுத்தேன். தொடைச்சு, கூடையக் கவுத்து அதுக்கடியில சாம்பிராணி போட்டேன். பச்சப்பிள்ளைக்குக் காட்டுற அதே பொகைதான். அப்புறம் எண்ணெய். தேங்காயெண்ணெயில சூடத்தப் போட்டுக் காய்ச்சி வச்சிருப்பேன், எப்பவும் வீட்டுல இருக்கும். சளிக்கு நெஞ்சுல தடவுறது, பேனுக்குத் தலையில தேய்க்கிறது. உங்க வீட்டுலயும் உங்களுக்குத் தேச்சுத்தான விட்டிருப்பாங்க? செத்தா போயிட்டீங்க? பூச்சி நெறைய இருக்கேன்னு இன்னும் நாலு கட்டி சூடத்தச் சேத்துக் காய்ச்சுனேன். கழுத்துல இருந்து வாலு வரைக்கும் சுள்ளுன்னு தேச்சேன். மடியிலயும் தடவுனேன். அங்கதான பூச்சி அண்டும்.

தடவி முடிச்ச உடனே பூச்சி பொலபொலன்னு உதுந்துச்சு தம்பி. சத்தியமா உதுந்துச்சு. வெளக்கமாத்தால கூட்டி அள்ளுனேன். வரட்டும் அவ, காட்டுறேன்னு முறத்துலயே வச்சிருந்தேன்.

பதினோரு மணி இருக்கும். செவலை நடக்கும்போது பின்னங்காலு பின்னுது. வாயில எச்சி நூலு நூலா ஒழுகுது. சரி, கொமட்டுது போல, எண்ணெய நக்கிருச்சுன்னு நெனச்சேன். குட்டிக மடியில பால் குடிச்சிட்டுப் பிரிஞ்சுச்சு, பிரிஞ்சதும் ஒவ்வொண்ணா நடுங்குது. குளிருதுன்னு இன்னொரு சீலைய எடுத்துப் போத்துனேன். நடுக்கம் நிக்கல. இன்னுங் கொஞ்சம் சாம்பிராணி போட்டேன்.

அப்பத்தான் அந்தச் சனியன், செவலை, எந்திரிச்சுச்சு. நடக்க முடியல, விழுந்து விழுந்து எந்திரிக்குது. கறுப்புக்குட்டியக் கழுத்துல கவ்விக்கிட்டு வெளிய போகுது. எங்க போகுது தெரியுமா? இந்த மாடிக்கு. ஒவ்வொரு படியா. மேல பூட்டிக் கெடக்குற கதவுக்கு முன்னாடி, அந்தா அந்தக் கால்மிதியில, குட்டியப் போட்டுட்டுத் திரும்ப எறங்குது. நான் வழிய மறிச்சு நின்னேன். "செவலை, இங்க பாரு, நான் இருக்கேன்ல"ன்னேன். என் காலுக்கு எடையில பூந்து போயி ரெண்டாவதத் தூக்குச்சு. அப்புறம் மூணாவது. நாலு வருசம் என் கட்டில்ல படுத்தது தம்பி. என் தட்டுல தின்னது.

நாலாவதுக்கு வரல. வெள்ளைக்குட்டிய எங்கிட்டயே விட்டுட்டுப் போயிருச்சு. அது அப்பவே ஒருச்சாச்சுக் கெடந்து காலு வெட்டி வெட்டி இழுக்குது.

சொன்ன நேரத்துக்கு வந்தா எப்சிபா. வந்தவ மேல ஏறுனா, கதவுக்கு முன்னாடி பாத்தா, அப்படியே மூணையும் தாயையும் ஒரு துண்டுல வாரிக்கிட்டு எறங்குனா. என்னைய ஒரு வார்த்தை கேக்கல. "ஆன்ட்டி, வெள்ளையத் தூக்கிக்கோங்க, ஆட்டோ நிக்கி"ன்னா. அவ்வளவுதான். ஆட்டோவுல என் மடியில வெள்ளை. இந்த வெரலால அது நெஞ்ச நீவிக்கிட்டே வந்தேன். வார்டுல மூச்சு விடாத பிள்ளைய எப்படி நீவுவோமோ அப்படி. மாட்டாஸ்பத்திரி வாசல்ல ஆட்டோ நின்னுச்சு, அது மூச்சும் நின்னுருச்சு.

அந்த டாக்டர் பொண்ணு எப்சிபாவ விடச் சின்னது. செவலையத் தூக்கி மோந்து பாத்த உடனே மூஞ்சி மாறிப்போச்சு.

"சூடம் வாசனை அடிக்குது. யாரு இதைத் தேச்சது?"

கோழிக்காரன், ஆட்டுக்காரன் எல்லாரும் திரும்பிப் பாத்தாய்ங்க. அப்பத்தான் இவ சொன்னா. நான்தான் தெரியாமத் தேச்சுட்டேன் டாக்டர்னா.

வாங்குனா பாருங்க திட்டு. "படிச்ச பொண்ணுதானம்மா நீ? பூனைக்குச் சூடம் விசம்மா. தோல் வழியாவும் உள்ள போகும், நக்குனாலும் போகும். பால் குடுக்குற தாயோட மடியில போயித் தேச்சிருக்கியே, கண் தொறந்து பத்து நாளு கூட ஆகாத குட்டி என்னம்மா பண்ணும்? கொன்னுட்டியேம்மா அதை." தலையக் குனிஞ்சுக்கிட்டே நின்னா. செவலையவும் மூணு குட்டியவும் சோப்பு போட்டுக் கழுவி எண்ணெய எடுத்து, தொடைச்சு, சூடா வச்சு, ஊசி போட்டு, சாயங்காலம் வரைக்கும் அங்கதான் கெடந்தோம். மூணும் தாயும் பொழைச்சிருச்சு.

அப்புறம் அந்த டாக்டர் பொண்ணு பாடம் எடுத்துச்சு. ரெண்டு மாசம் ஆகுற வரைக்கும் குட்டிக்கு எந்தப் பூச்சி மருந்தும் கூடாதாம். பேன் சீப்பால சீவி எடுக்கணுமாம். குளிப்பாட்டுனாலும் கழுத்துக்குக் கீழதானாம், வெதுவெதுப்பா, உடனே தொடைச்சுக் காய வச்சிரணுமாம், ஈரத்தோட விட்டா வெறச்சுப் போயிருமாம். தாய்க்குப் பால் குடுக்கையில போடக்கூடிய சொட்டு மருந்து தனியா இருக்குதாம், அதை டாக்டர்தான் பிடரியில போடணுமாம், நாக்கு எட்டாத எடத்துல. அதுவும் செவலைக்கு நடுக்கம் நின்னு தேறுன பெறகுதானாம். நாய் மருந்தப் பக்கத்துலயே கொண்டு வரக்கூடாதாம். பூச்சி மேல இருக்குறது கொஞ்சந்தானாம், முட்டை பூராம் துணியிலயும் தரையிலயும்தானாம். இந்த மாதிரிச் சொல்றதுக்கு ஆஸ்பத்திரி எதுக்கு? சீப்பு எங்கிட்ட இல்லையா?

அம்புட்டையும் எப்சிபா மேல அவ ரூம்புக்கே தூக்கிட்டுப் போயிட்டா, பத்து நாளு நடந்துச்சு அந்தக் கூத்து. இந்தா, இந்த ரூம்புல, சன்னலுக்குப் பக்கத்துல உக்காந்துக்கிட்டு, ஒரு கிண்ணத்துல சோப்புத்தண்ணி, கையில பேன் சீப்பு. வேலைக்குப் போறதுக்கு முன்னாடி ஒருக்கா, வந்து ஒருக்கா. ஒவ்வொரு குட்டியா மடியில போட்டு, கழுத்துல இருந்து கீழ வரைக்கும் சீவி, பூச்சியத் தண்ணியில முக்கி. செவலை தேறுன பெறகு டாக்டர்கிட்டக் கொண்டுபோயிப் பிடரியில மருந்து போட்டுட்டு வந்தா. காயிற வரைக்கும் குட்டிககிட்ட விடல. அதுக உள்ள கத்துதுக, இது வெளிய கத்துது, இவ நடுவுல உக்காந்து ரெண்டுக்கும் சமாதானம் சொல்லிக்கிட்டு இருக்கா. எனக்குக் கீழ இருப்பே கொள்ளல. படுக்கிற துணியத் தெனம் கொதிக்கிற தண்ணியில போடணும்ல? அவகிட்ட இருக்குறது ஒரு சின்ன அடுப்பு. என் அண்டாவுல, என் அடுப்புல, தெனம் வெந்நி போட்டு மேல கொண்டு வந்து வச்சது யாரு? நான்தான். முட்டிக்காலு வலியோட. நான் ஒண்ணும் பேச மாட்டேன். வச்சிட்டு எறங்கிருவேன். அவ "தேங்க்ஸ் ஆன்ட்டி"ம்பா. அந்தத் தேங்க்ஸக் கேட்டா எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

செவலை என்னையப் பாத்தா கட்டிலுக்கடியில போகும். அவ கட்டிலுக்கடியில.

பதினோராவது நாளு மூணு குட்டியவும் ஒரு அட்டைப்பெட்டியில வச்சுக் கீழ கொண்டு வந்தா. கொழுகொழுன்னு இருக்குதுக. மயிர வெலக்கிக் காட்டுனா, ஒரு கறுப்பு இல்ல. "பூச்சி போயிட்டு ஆன்ட்டி. இனி உங்க வீட்டுலயே இருக்கட்டும், செவலை உங்க பூனைல்லா"ன்னா.

நான் பெட்டிய வாங்கல. கேட்டேன். "அன்னைக்கு டாக்டர்கிட்ட ஏண்டி அப்படிச் சொன்ன?"

பெட்டியத் தரையில வச்சா. திரும்பக் கேட்டேன். அவ சொன்னா, "உங்கள அத்தன பேரு முன்னாடி ஏசியிருந்தா எனக்குத் தாங்காது ஆன்ட்டி. எவ்வளவு பிள்ளேளப் பாத்த கை உங்களுக்கு. என்ன ஏசுனா என்ன, நான் சின்னவதான?"

அப்பத்தான் சொன்னேன். வீட்டக் காலி பண்ணுன்னேன். இந்த மாசம் முடியிறதுக்குள்ள காலி பண்ணு, பூனைய நீயே கொண்டு போ, எனக்கு வேணாம்னேன். அழுதா. ஏன் ஆன்ட்டி, என்ன தப்பு செஞ்சேன்னா. அதையே கேட்டுக்கிட்டு நின்னா. போற அன்னைக்கு ஆட்டோவுல ஏறிட்டுத் திரும்ப எறங்கி வந்து, "எதுனாலும் போன் போடுங்க"ன்னா. நான் கதவச் சாத்திட்டேன்.

என்ன தம்பி பாக்குறீங்க? எனக்கு நெஞ்சுல ஈரம் இல்லைன்னு பாக்குறீங்களா?

நான் சொல்ல வாயெடுத்தேன். கேட்டுக்கங்க. அந்த டாக்டர் பொண்ணு யாரு தேச்சதுன்னு கேட்டப்ப, செத்த குட்டி என் சீலை மடியில கெடந்துச்சு, நான்தான்னு சொல்ல வாயெடுத்தேன். சத்தியமாத் தொறந்தேன். முப்பத்தோரு வருசத்துல ஒரு பிள்ளை என் கையில போனதில்ல, இது போச்சு, நான்தான் கொன்னேன்னு என் வாயால சொல்லி, எனக்கு விழ வேண்டிய திட்ட நான் வாங்கணும்னு நின்னேன். அவ முந்திக்கிட்டா. எனக்கு வந்ததத் தட்டிப் பறிச்சுக்கிட்டா. அப்புறமும் நான் சொல்லிருக்கலாம்ல? "இல்லம்மா, இந்தப் பிள்ளை பொய் சொல்லுது, நான்தான்"னு ஒரு வார்த்தை. அவ திட்டு வாங்கி முடிக்கிற வரைக்கும் நேரம் இருந்துச்சு. நான் வாய மூடிட்டேன் தம்பி. அவ குனிஞ்சு நிக்கிறா, நான் அவளுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு, ஆமாங்குற மாதிரி தலைய ஆட்டுனேன். ஆட்டுனேன். கோழிக்காரன் கூட "இந்தக் காலத்துப் பொண்ணுகளுக்கு என்னம்மா தெரியும்"னு எங்கிட்டச் சொன்னான். அதுக்கும் ஆட்டுனேன்.

தெனம் வெந்நியத் தூக்கிட்டு மேல வரும்போது, இன்னைக்காச்சும் கேப்பா, கொன்னுட்டியே கெழவின்னு ஒரு வார்த்தை வரும்னு பாத்தேன். தேங்க்ஸ் ஆன்ட்டின்னா. அந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் எப்படி இந்த வீட்டுல இருக்குறது? அவள எப்படித் தெனம் பாக்குறது? இப்ப அந்த டாக்டர்கிட்டப் போயி நான்தான்னு சொன்னாலும், ஏம்மா, அந்தப் பொண்ணக் காப்பாத்துறீங்களான்னு கேக்கும். டீக்கடைக்காரன்கிட்டச் சொன்னா, ஆயாம்மாவுக்கு மனசு இளகிருச்சும்பான். யாரும் நம்ப மாட்டாய்ங்க. நான்தான் கொன்னேன். இந்தக் கையாலதான் தேச்சேன். வேணாம்னு சொல்லச் சொல்லத் தேச்சேன்.

என்ன சொல்லப் போறீங்கன்னு தெரியும். "விடுங்கம்மா, தெரியாமச் செஞ்சதுதான"ன்னு சொல்லத்தான வாயத் தொறக்குறீங்க? அதை மட்டும் சொல்லிராதீங்க. சொன்னீங்கன்னா உங்களுக்கு வீடு கெடையாது, எந்திரிச்சுப் போயிக்கிட்டே இருங்க.